ஏறியிறங்கும் இழுவிசை: மாற்றியமைத்த டீசல் வண்டியில் குறை காணும் முறை

நிலைத்து நிற்கும் நோயைக் கண்டறிவது எளிது. வந்து வந்து மறையும் நோயைக் கண்டறிவதே அரிது. மருத்துவர் முன் அமரும்போது காய்ச்சல் தணிந்துவிடுகிறது. வீடு திரும்பியதும் மீண்டும் ஏறுகிறது. இயந்திரங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு. காலையில் பாரத்தைத் தாவி இழுத்த வண்டி, நண்பகலில் அதே ஏற்றத்தில் திணறி நிற்கிறது. சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் எதுவும் நடவாததுபோல் மீண்டும் இழுக்கிறது. லாரிப் பட்டறைகளில் 'இழுவை இல்லை' என்னும் இரு சொற்களால் இக்குறையைச் சுட்டுவர். அந்த இரு சொற்களுக்குள் அடங்கியுள்ள காரணங்களோ பல.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் டீசல் பம்புக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பட்டறையில் பேசப்படும் அறிவு ஏட்டில் ஏறாவிட்டால் மொழிக்கு இழப்பு. ஏட்டில் உள்ள ஒழுங்கு பட்டறைக்குச் செல்லாவிட்டால் தொழிலுக்கு இழப்பு. அன்றியும், குறை காணும் முறை என்பது இயந்திரத்திற்கு மட்டும் உரியதன்று. அறிவின் எல்லாத் துறைக்கும் பொதுவான ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை ஒரு குறிப்பிட்ட எஞ்சினைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சக்தி பிறக்கும் வகை

ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல் 1890-களில் உருவாக்கிய எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. உருளைக்குள் காற்று மட்டுமே இழுக்கப்பட்டு, ஏறத்தாழ பதினாறு, பதினேழு மடங்காக அழுத்தப்படுகிறது. அழுத்தத்தால் காற்று பழுக்கக் காய்கிறது. அந்தச் சூட்டில் எரிபொருள் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் இத்தகைய எஞ்சின் வெற்றியுடன் இயங்கிக் காட்டியது.

பெட்ரோல் எஞ்சினில் ஓட்டுநரின் மிதி காற்றைக் கூட்டிக் குறைக்கிறது. டீசல் எஞ்சினிலோ அது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே இங்கே சக்தி என்பது மூன்று செயல்கள் ஒன்றுகூடுவதன் பயன் எனலாம். போதிய காற்று வரவேண்டும். போதிய எரிபொருள் வரவேண்டும். அவ்விரண்டும் சரியான அளவிலும் சரியான நொடியிலும் சேருமாறு ஒரு கட்டளை இருக்கவேண்டும். காற்று வழி, எரிபொருள் வழி, கட்டளை வழி என்னும் இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் இழுவை தளரும்.

மாற்றம் என்பது யாது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்னும் ஊரில் 1919-இல் தோன்றிய கம்மின்ஸ் நிறுவனம், 1980-களில் 'பி' வரிசை எஞ்சின்களை வெளியிட்டது. அவற்றுள் 5.9 லிட்டர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் உடைய எஞ்சின், 1989-ஆம் ஆண்டு மாதிரி முதல் டாட்ஜ் ராம் என்னும் பிக்கப் வண்டியில் பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் அதன் திறன் 160 குதிரைத்திறன் மட்டுமே. ஆயினும் அதன் உடற்கட்டு மிக உறுதியானது. அதற்கு எரிபொருளை மிகுதியாக ஊட்டினால் இன்னும் எவ்வளவோ இழுக்கும் என்பதைப் பண்ணையாளர்களும் பட்டறைக்காரர்களும் விரைவில் கண்டுகொண்டனர். எஞ்சினை மாற்றியமைப்பதே அந்நாட்டில் ஒரு தனித்தொழிலாக வளர்ந்தது.

1994 முதல் 1998 வரை அவ்வண்டிகளில் இருந்தது பாஷ் நிறுவனத்தின் பி7100 என்னும் வரிசைப் பம்பு. இது முற்றிலும் இயந்திர அமைப்புடையது. அதனுள் இருக்கும் எரிபொருள் தகட்டை மாற்றியும், கவர்னர் சுருள்வில்களை மாற்றியும் எரிபொருளைக் கூட்டலாம். 1998-இன் இடையில் ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகள் உடைய எஞ்சின் வந்தது; அதனோடு விபி44 என்னும் மின்னணுப் பம்பும் வந்தது. 2003-ஆம் ஆண்டு மாதிரி முதல் 'காமன் ரெயில்' முறை இடம்பெற்றது. இவற்றில் சுத்தியும் திருகுளியும் செய்த வேலையைச் சிறு மின்னணுப் பெட்டிகளும் மென்பொருளும் செய்யலாயின.

முறை எதுவாயினும் அடிப்படை ஒன்றே. மாற்றியமைப்பவர் எஞ்சினின் தேவையைக் கூட்டுகிறார். ஆனால் டேங்கிலிருந்து வரும் குழாய், வடிகட்டி, ஊட்டுப் பம்பு, டர்போ, கிளட்ச் ஆகியவை பழைய தேவைக்கென அமைக்கப்பட்டவை. வரவைக் கூட்டாமல் செலவை மட்டும் கூட்டிய குடும்பத்தின் நிலைதான் அது. சாதாரண நாளில் குறை தெரிவதில்லை; திருமணமோ மருத்துவமோ வரும்போது தெரிகிறது. வண்டிக்கு அத்தகைய நாள் என்பது பாரத்தோடு மலையேறும் நாள். சக்தி ஏறியிறங்குவதன் மூலகாரணம் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது.

முதலிற் கேட்க வேண்டியவை

கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் ஓட்டுநரிடம் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறை நேர்கிறதா, சூடேறியபின் நேர்கிறதா? ஏற்றத்தில் மட்டுமா, சமதளத்திலுமா? டேங்கு நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, குறைந்தபின் திணறுகிறதா? இரவு முழுதும் நின்றபின் காலையில் எளிதில் உயிர்பெறுகிறதா? ஓய்வு கொடுத்தால் சரியாகிறதா?

இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறக்கும். வேறொரு கதவை மூடும். டேங்கு குறைந்தபோது மட்டும் திணறினால், டேங்கினுள் இருக்கும் உறிஞ்சுகுழாயில் வெடிப்பு இருக்கலாம். காலையில் நெடுநேரம் சுழற்றினால்தான் உயிர்பெறுகிறது என்றால், எரிபொருள் குழாயில் எங்கோ காற்று புகுகிறது என்று கருதலாம். நெடுந்தொலைவு ஓடியபின் இழுவை குறைந்து, டேங்கு மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து இழுவை திரும்பினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

மற்றொன்றையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். எஞ்சினின் சுழற்சி விரைந்து ஏறுகிறது, ஆனால் வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால், குறை எஞ்சினில் இல்லை. கூட்டிய சக்தியைத் தாங்க இயலாமல் கிளட்ச் வழுக்குகிறது. தானியங்கி கியர்ப்பெட்டி எனின் அதனுள் வழுக்கல் உள்ளது. இதனை அறியாமல் பம்பைக் கழற்றுவது, காலில் முள் தைத்தவனுக்குக் கண் மருத்துவம் செய்வதை ஒக்கும்.

புகை சொல்லும் செய்தி

டீசல் எஞ்சின் தன் நோயைப் புகையால் எழுதிக் காட்டுகிறது. கரும்புகை என்பது எரிபொருள் மிகுந்து காற்று குறைந்ததன் அடையாளம். வெண்புகை எரியாது வெளியேறும் எரிபொருளைக் காட்டும். எஞ்சின் சூடேறியபின்னும் அது நீடித்தால், பீய்ச்சும் நேரம் பிந்தியிருக்கலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதன் குறி.

இழுவை குறையும் அந்த நேரத்தில் புகை எப்படி உள்ளது என்பதே முதன்மையான வினா. இழுவை குறைந்து கரும்புகை மிகுந்தால், காற்று வழியை ஆராய்க. இழுவை குறைந்து புகையும் இல்லையெனில், எரிபொருள் வந்து சேரவில்லை என்று கொள்க. மாற்றியமைத்த வண்டி இயல்பாகவே சற்றுப் புகையும் ஆதலால், வேறொரு வண்டியோடு ஒப்பிடாமல், அதே வண்டியின் வழக்கமான புகையோடு ஒப்பிடவேண்டும்.

காற்று வழி

அழுக்கேறிய காற்று வடிகட்டியே முதற் காரணமாக இருத்தல் கூடும். அதனையடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ரப்பர் இணைப்புகள். மாற்றாத 12 வால்வு எஞ்சினில் டர்போ தரும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 20 பவுண்டு. மாற்றியபின் அது 30-ஐயும் கடந்து செல்லும். அவ்வழுத்தத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விரிந்து காற்றைக் கசியவிடுகிறது; வண்டி நின்றதும் மூடிக்கொள்கிறது. குழாயின் ஒரு முனையை அடைத்து, அளவோடு காற்றழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழிகளாய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

டர்போவில் 'வேஸ்ட்கேட்' எனப்படும் ஒரு மடை உண்டு. மிகுந்த கழிவுக்காற்றை அது திருப்பிவிடுகிறது. மடை திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அழுத்தம் ஏறாது. மூடியபடியே சிக்கினால் அளவு மீறும். எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டர்போவைச் சுழற்றுவது கழிவுக்காற்றின் வெப்பமும் வேகமும் ஆகும். எரிபொருள் குறைந்தால் அவ்விரண்டும் குறையும். டர்போவின் அழுத்தமும் தானே விழும். அழுத்தமானியின் முள் இறங்கியதை மட்டும் கண்டு புதிய டர்போ வாங்கியவர், விளைவைக் காரணமாக எண்ணி ஏமாந்தவர் ஆவார். முள்ளையும் புகையையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

எரிபொருள் வழி

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். 1996-ஆம் ஆண்டு மாதிரி வண்டி. பி7100 பம்பில் எரிபொருள் கூட்டப்பட்டுள்ளது. பாரத்தோடு அரைமணி நேரம் நன்றாக இழுக்கிறது. பிறகு ஏற்றத்தில் இழுவை விழுகிறது, கரும்புகை இல்லை. பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மீண்டும் இழுக்கிறது. உரிமையாளர் பம்பை மாற்ற முடிவு செய்துவிட்டார்.

புகை இல்லாமையால் எரிபொருள் வழியே ஆய்வுக்குரியது. பம்புக்குள் நுழையும் இடத்தில் அழுத்தமானி பொருத்தப்படுகிறது. இவ்வகை எஞ்சினில் அந்த அழுத்தம் சுமையோடு சுழலும்போது சதுர அங்குலத்திற்கு 25 பவுண்டுக்குக் குறையாமல் நிற்றல் வேண்டும். மாற்றியமைத்த எஞ்சினுக்கு அதனினும் மிகுதி நலம். குறை நேரும் வேளையில் முள் 25-லிருந்து 8-க்கு இறங்குகிறது எனக் கொள்வோம்.

இப்போது மூன்று குற்றவாளிகள் நம்முன் நிற்கின்றனர். பம்பிலிருந்து மிகுதியை டேங்குக்குத் திருப்பும் வழிந்தோடு வால்வு. பட்டறை வழக்கில் 'பீட் பம்பு' எனப்படும் ஊட்டுப் பம்பு. டேங்கிலிருந்து ஊட்டுப் பம்பு வரையுள்ள குழாய்வழி. குறை தோன்றிய நிலையிலேயே திரும்பு குழாயைச் சற்று நெருக்கிப் பார்த்தால், அழுத்தம் நன்கு உயர்ந்தால் வால்வின் சுருள்வில் தளர்ந்துள்ளது என்று அறியலாம். நம் வண்டியில் அது உயரவில்லை. அடுத்து, தூய டீசல் நிறைந்த தனிக் கலத்திலிருந்து நேரே ஊட்டுப் பம்புக்குக் குழாய் கொடுத்துப் பார்க்கின்றனர். அழுத்தம் நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே ஊட்டுப் பம்பு குற்றமற்றது. குறை டேங்குக்கும் ஊட்டுப் பம்புக்கும் இடையில் உள்ளது.

அங்கே, எரிபொருளைச் சூடாக்கும் அமைப்போடு சேர்ந்த சிறு சல்லடை ஒன்று இருக்கிறது. பலர் அதனைத் திறந்து பார்ப்பதே இல்லை. டேங்கின் அடியில் தங்கிய கசடு, ஓட்டத்தின்போது சிறிது சிறிதாக இழுக்கப்பட்டு அச்சல்லடையில் படிகிறது. எஞ்சின் நின்றதும் இழுப்பு நின்று, கசடு விலகுகிறது. வண்டியின் 'ஓய்வு' செய்த மருத்துவம் இதுவே! டேங்கைக் கழுவிச் சல்லடையைத் துலக்கினால் தீரக்கூடிய நோய்க்குப் பெரும் பொருட்செலவில் பம்பை மாற்றியிருந்தால், நோய் அப்படியே இருந்திருக்கும்.

விபி44 பம்புள்ள வண்டிகளில் இதனினும் கொடிய நிலை ஏற்படுவதுண்டு. அப்பம்புக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் அதன் வழியே ஓடும் டீசலாலேயே கிட்டுகின்றன. மின்சார ஊட்டுப் பம்பு தளர்ந்தால், முதலில் இழுவை ஏறியிறங்கும். நாளடைவில் விலையுயர்ந்த பெரிய பம்பே அழியும். சுமையில் அழுத்தம் 10 பவுண்டுக்குக் கீழே விழாமல் காப்பது நலம் என்பது அத்தொழிலில் பழகியவர்கள் துணிபு. ஊட்டுப் பம்பைச் சோதிக்காமல் பெரிய பம்பை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதன் வழியே செல்லும். நோயின் அடையாளத்தோடு நில்லாமல் அதன் வேருக்குச் செல்லுமாறு மருத்துவனுக்கு 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி, பட்டறைக்கும் பொருந்துவது இவ்வாறே.

கட்டளை வழி

காற்றும் எரிபொருளும் வந்தும் இழுவை இல்லையெனில் கட்டளை தவறியிருக்கிறது. இயந்திரப் பம்பில் டர்போ அழுத்தத்தை உணர்ந்து எரிபொருளைக் கூட்டும் ஒரு மென்சவ்வு உண்டு. அது கிழிந்தாலும், அதற்குச் செல்லும் மெல்லிய குழாய் வெடித்தாலும், எஞ்சினுக்குக் 'கூட்டுக' என்னும் செய்தி எட்டாது. எஞ்சினை நிறுத்தப் பயன்படும் சாலினாய்டு தன் நெம்புகோலை முழுமையாக உயர்த்தாவிடினும் எரிபொருள் தடைபடும். மிதியை முழுதும் அழுத்தும்போது பம்பின் கை அதன் எல்லைவரை செல்கிறதா என்பதை ஒருவர் அமர்ந்தும் மற்றொருவர் பார்த்தும் சோதிக்கவேண்டும்.

பி7100 பம்பின் பல்சக்கரம் சரிவான அச்சுத்தண்டின்மீது இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. பூட்டும் சாவி கிடையாது. பீய்ச்சும் நேரத்தை மாற்றியமைத்தவர் அவ்விடத்தை எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, உரிய அளவுக்கு முடுக்காவிட்டால், சக்கரம் வழுக்கி நேரம் பிந்தும். மாற்றம் செய்தபின் சில நாட்களில் இழுவை திடீரென விழுந்து வெண்புகை தோன்றினால் இதனை ஐயுற வேண்டும்.

மின்னணு வண்டிகளில் மிதியின் நிலையை உணர்த்தும் உணரி தேய்ந்தால், கால் அசையாதிருக்கவே சக்தி அலைபாயும். அண்மைக்கால எஞ்சின்கள் வெப்பம் மிகுந்தாலும், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் குறை கண்டாலும், தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே சக்தியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. அங்கே முதற் பணி, கணிப்பொறியில் பதிவான குறைக் குறியீடுகளைப் படிப்பதாகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் ஒளியைப் பற்றி ஆராய்ந்தபோது, கருத்தை அனுமானத்தில் விடாமல் சோதனையால் மெய்ப்பிக்கும் முறையைக் கையாண்டார். 'இஃதிபார்' என்பது அதற்கு அவர் வழங்கிய சொல். அந்த ஒழுங்கே இங்கும் வேண்டப்படுவது. ஒரே நாளில் வடிகட்டியையும் மாற்றி, நாசிலையும் மாற்றி, பம்பையும் திருகினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. மீண்டும் வந்தால் தொடங்குமிடம் தெரியாது. ஒரே சாலை, ஒரே பாரம், ஒரே கியர். அவற்றில் ஒரே ஒரு மாற்றம். டர்போ அழுத்தம், எரிபொருள் அழுத்தம், கழிவுக்காற்றின் வெப்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறித்துக்கொள்ளுதல். இயலுமாயின் மின்னணுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆலையிலிருந்து வந்த நிலையில் ஓட்டிப் பார்த்தலும் நன்று. அப்போது குறை மறைந்தால், நோய் மாற்றத்தில் உள்ளது, அல்லது மாற்றம் கேட்கும் அளவைத் தர இயலாத உறுப்பில் உள்ளது.

செய்யத்தகாதது

இழுவை குறைந்ததும் பலர் நாடும் எளிய வழி, பம்பை இன்னும் திருகி எரிபொருளைக் கூட்டுவது. இதனினும் பெரிய கேடு வேறில்லை. காற்றுக் குறையால் திணறும் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டினால் கழிவுக்காற்றின் வெப்பம் எல்லை மீறும். நெடுநேரம் 1,250 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 675 செல்சியஸ் அளவைக் கடந்து ஓட்டினால், அலுமினியத்தாலான பிஸ்டன்கள் உருகிச் சிதையும் ஆபத்து உண்டு. பாரத்தோடு மலையேறும் வண்டி நடுவழியில் சக்தி இழந்தால், அது பின்னால் வருபவர்களின் உயிர்ப் பிரச்சினையுமாகும். அது கக்கும் கரும்புகை அவ்வழியே செல்லும் குழந்தையின் நுரையீரலுக்கும் செல்கிறது. புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை நீக்குவதை அமெரிக்கச் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவிலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வாகனத்தை விருப்பம்போல் மாற்றியமைப்பதற்கு வரம்பு விதித்துள்ளது.

இந்த எஞ்சின் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே 'பி' வரிசை எஞ்சின்களைத் தயாரித்தது. அவை டாடா லாரிகளில் ஏறி நம் நெடுஞ்சாலைகளிலும் பாரம் இழுத்தன. நாடு வேறாயினும் காற்று, எரிபொருள், கட்டளை என்னும் நியதி வேறன்று.

பழுது பார்க்க வந்த வண்டி, பட்டறைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சோதித்து அறியாமல் ஊகத்தால் உதிரிப்பாகங்களை மாற்றி, அவற்றின் விலையை உரிமையாளர் தலையில் ஏற்றுவது அந்த அமானிதத்திற்கு இழைக்கும் தவறாகும். இருபது நிமிடம் அழுத்தமானியோடு பொறுமையாய் இருப்பவர், ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயைக் காக்கக்கூடும். மேலும் மேலும் ஊட்டுவதால் வலிமை வருவதில்லை. ஊட்டுவது தடையின்றிச் சென்று சேர்வதாலேயே வருகிறது. இயந்திரத்திற்கு மட்டுமன்றி, கற்கும் மாணவர்க்கும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் பாடம் உண்டு. இறைவன் நாடினால், நம் மாணவர்கள் எத்தொழில் புகினும், அளந்து பார்த்தபின் பேசுபவர்களாகத் திகழ்வார்களாக.